குமிழ் விழாத ஜன்னல்

ஜன்னல் கண்ணாடியில் மறைப்புத் தாள் ஒட்டுவது குழந்தைகூடச் செய்யக்கூடிய வேலை என்று பெட்டியின் மேல் போட்டிருந்தது, மேடம். படத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளை நம்பித்தான் ஆரம்பித்தேன்.

என் பெயர் ஓரின் ட்வைட். வயது அறுபத்தொன்பது. மினசோட்டாக்காரன். முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினேன். ஊரில் பனி கொட்டத் தொடங்கியதும் நாங்கள் வசிக்கிற குட்டி டிரெய்லர் வண்டியை பிக்கப் லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டு, மனைவி மார்லிஸோடு இந்த அரிசோனாப் பாலைவனத்துக்கு வந்துவிடுவேன். முகாமில் எங்களைப் போலக் குளிருக்குப் பயந்து ஓடிவந்த கிழடுகள் எண்பது வண்டி இருக்கும். எங்களுக்கு இது ஐந்தாவது வருடம்.

டிரெய்லரில் குளியலறை என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். துணி அலமாரிக்குள் குழாய் வைத்தால் எப்படி இருக்கும், அவ்வளவுதான். முழங்கையை ஒடுக்கிக்கொண்டுதான் தலைக்குச் சோப்பு போட வேண்டும். அதில் இரண்டு சாண் அகலத்துக்கு ஒரு ஜன்னல். அதற்கு நேர் எதிரே பக்கத்து வண்டிக்காரர்களின் சாப்பாட்டு மேசை. அவர்கள் கனடாவின் மானிடோபாவிலிருந்து வருகிற வென்டெலும் அவர் மனைவி டெல்ஃபீனும். இந்த வருடம் நாங்கள் வந்து இறங்கிய மறுநாள், மார்லிஸ் குளித்துக்கொண்டிருக்கும்போது வென்டெல் வெளியிலிருந்து, "குட்மார்னிங் மார்லிஸ், நல்லா தூங்கினியா?" என்று கேட்டுவிட்டார். கெட்ட எண்ணம் கிடையாது. காபி குடித்துக்கொண்டிருந்தார், தெரிந்த ஆளைப் பார்த்தார், விசாரித்தார்.

மார்லிஸ் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"ஓரின், எனக்கு அறுபத்தேழு வயசு. இனிமே புதுசா ஒரு ஆம்பளைக்கு என்னைக் காட்டுற உத்தேசம் இல்ல. அந்த ஜன்னலுக்கு ஏதாவது வழி பண்ணச் சொல்லு. உள்ள ஆள் இருக்கறதே வெளியில தெரியக் கூடாது."

"யார்கிட்ட சொல்றது? நானே பண்ணிடறேன்."

"நீயா?" என்றாள்.

அந்த 'நீயா'வை நீங்கள் கேட்டிருக்க வேண்டும், மேடம். நாற்பத்து மூன்று வருடமாக ஒரே சுருதி. அவளைக் குறை சொல்ல மாட்டேன். நான் மாட்டிய அலமாரி விழுந்துதான் அவள் அம்மா கொடுத்த பீங்கான் தட்டுகள் போயின. நான் சரிசெய்த குழாயால் ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரின் கீழ்த்தளத்தில் முழங்கால் தண்ணீர். என் கைராசி அப்படி.

முகாமில் நான்கு மணிக்கு ஒரு வழக்கம் உண்டு. அவரவர் நாற்காலியையும் அவரவர் கோப்பையையும் தூக்கிக்கொண்டு வந்து வட்டமாக உட்கார்வோம். அங்கே மார்லிஸ்தான் ராணி. அவளுக்குக் கதை நான். முதல் தாளை ஒட்டிய அன்றைக்கே வட்டத்தில் அறிவித்தாள். "நம்ம மேஸ்திரி ஜன்னலுக்கு அம்மை போட வச்சிருக்கார். எண்ணிப் பார்த்தேன், பதினாலு கொப்புளம்." எல்லோரும் எழுந்துபோய் எண்ணிப் பார்த்தார்கள். பதினாறு இருந்தது. அவள் எனக்காக இரண்டைக் குறைத்துச் சொல்லியிருந்தாள்.

அடுத்து, வெளியிலிருந்து பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடி போலத் தெரிகிற தாளை வாங்கினேன். பகலில் அருமையாக இருந்தது. வென்டெல் அதில் பார்த்துத் தலை சீவிக்கொண்டார். நான் பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம்தான் கண்ணாடியாகுமாம். அன்று பொழுது சாய்ந்ததும் மார்லிஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு, யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே நிதானமாகக் குளித்தாள். அந்த வரிசையே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டது என்று டெல்ஃபீன்தான் வந்து சொன்னாள். நான்கு நாள் மார்லிஸ் வட்டத்துக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தாள். "எல்லாரும் பார்த்தாச்சு இல்ல? இனிமே டிக்கெட் போடப்போறேன்" என்றாள். சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் பல்செட்டே கழன்றுவிட்டது. நானும் சிரித்தேன். எனக்கு வயிறு எரிந்தது, மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் என்னை யாரும் கேலி செய்ததில்லை. எங்கள் ஊரில் ஏரி உறைந்ததும் அதன் மேல் ஒரு மரக்கூண்டை இழுத்துக்கொண்டுபோய் வைத்து, உள்ளே காஸ் ஹீட்டரைப் பற்றவைத்துக்கொண்டு மீன் பிடிப்போம். அந்தக் கூண்டில் இரண்டு விரல் அகலத்துக்காவது காற்றுக்கு வழி விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் ஹீட்டரிலிருந்து நிறமோ வாசனையோ இல்லாத விஷக்காற்று உள்ளே சேர்ந்துவிடும். விடாமல் உட்கார்ந்தவர்கள் எழுந்து வந்ததில்லை. இருபத்திரண்டு வயதில் அப்படி ஒருவரைத் தூக்கி வர நானும் கை கொடுத்திருக்கிறேன். கன்னம் சிவந்து, தூங்குகிற மாதிரி இருந்தார். இங்கே முதல் குளிர் அலை வந்தபோது வண்டி வண்டியாகப் போய், இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி, எல்லோருடைய ஜன்னலையும் சோதித்தேன். அன்றிலிருந்து எனக்கு 'ரெண்டு விரல் ஓரின்' என்று பெயர். எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அது.

ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று நீங்கள் எழுத முடியாது. இந்த முகாமில் தெரிந்த ஆள் நான்தான்.

சிக்கல் இதுதான். பாலைவனமானாலும் விடியற்காலையில் உறைகிற குளிர் உண்டு. அப்படிப்பட்ட காலைகளில் மார்லிஸ் அந்தப் பழைய மீன்கூண்டு ஹீட்டரைக் குளியலறைக்குள் எடுத்துக்கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கூரைத் துவாரத்தில் குளிருக்காகப் பஞ்சு மெத்தை அடைத்திருந்தோம். எனவே ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைப்பாள். நான் சொல்லிக்கொடுத்ததுதான். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நான் ஒட்டியது ஓரத்தில் பிய்ந்துகொண்டு வரும். நான்கு மணிக்கு வட்டத்தில் அது கதையாகும். எப்போதும் திறந்து மூடுகிற ஜன்னலில் எவனுடைய வேலைதான் நிற்கும்?

புதன்கிழமை மத்தியானம் அவள் துணி துவைக்கப் போயிருந்தாள். பளபளவென்று வெள்ளிப் பூச்சுப் போட்ட நுரை அட்டையை மூன்று முறை அளந்து வெட்டினேன். கண்ணாடியை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு வைத்தேன், திறப்பு முழுவதையும் அடைத்துக்கொண்டு சட்டத்தில் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்தது. சுற்றிலும் சிலிக்கான் பசையைப் பிதுக்கி, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன். ஒரு குமிழ் இல்லை. ஒரு மடிப்பு இல்லை. மூலைகளைச் சரிபார்க்க டார்ச் தேவைப்பட்டது. அதில் பேட்டரி தீர்ந்திருந்ததால் விஷக்காற்று சேர்ந்தால் கத்துகிற அலாரம் வண்டியில் இருந்தது, அதிலிருந்து இரண்டைக் கழற்றிப் போட்டுக்கொண்டேன். திருப்பிப் போட மறந்தது நிஜமான மறதி. அதைத் தனியாக எழுதிவிடுங்கள்.

மார்லிஸ் வந்து பார்த்தாள். ஓரங்களை விரலால் தடவினாள். என்ன சொல்லப்போகிறாளோ என்று நான் துணிக்கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அடேயப்பா. நல்லா வந்திருக்கே ஓரின். நிஜமாத்தான் சொல்றேன்" என்றாள்.

நாற்பத்து மூன்று வருடம், மேடம். சின்னப் பையன் மாதிரி என் காது சூடாகிவிட்டது. உடனே அவள் திரும்பி, "ரெண்டு விரல் விட்டிருக்கியா?" என்று கேட்டாள்.

விடவில்லை. அந்த இழுப்பில் அப்படியே மறந்துபோயிருந்தேன். அதுவரை அது வெறும் தவறு. இல்லை என்று சொல்லியிருந்தால் கத்தியை எடுத்து ஓரத்தில் ஒரு கீறல், அத்தோடு முடிந்திருக்கும். நான்கு மணிக்கு, 'ரெண்டு விரல் ஓரின் ரெண்டு விரலை மறந்துட்டார்' என்று கதை கிளம்பியிருக்கும். அந்தப் பட்டமும் போயிருக்கும். அவள் சொன்ன 'நல்லா வந்திருக்கே'யும் போயிருக்கும்.

"விட்டிருக்கேன். மேல் ஓரத்துல. கண்ணுக்குத் தெரியாத மாதிரி விட்டிருக்கேன்" என்றேன்.

"பார்றா, மேஸ்திரி தேறிட்டார்" என்று என் கன்னத்தைத் தட்டினாள்.

அன்று நான்கு மணிக்கு வட்டத்தில் என்னைப் புகழ்ந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். இரவு கீறிவிடலாம் என்று நினைத்தேன். தொட்டுப் பார்த்தேன், பசை இன்னும் காயவில்லை. ஈரத்தில் கை வைத்தால் ஓரம் கெட்டுவிடும்.

வியாழன் காலை வெளியே வாளியில் இருந்த தண்ணீர் உறைந்திருந்தது. மார்லிஸ் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் வண்டியில் ஒருவர் போக மற்றவர் ஒதுங்க வேண்டும். நான் காலை மடக்கி அவளுக்கு வழி விட்டேன்.

"காபிக்குப் போறேன்" என்றேன்.

"போ. ஆனா டோனட்டைத் தொடாதே, சர்க்கரை ஏறிடும்" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

காலைக் காபிக்கு முகாமின் பொதுக்கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். வழக்கமாக ஒரு கோப்பை குடிப்பேன். அன்று மூன்று. டோனட்டும் தின்றேன், இரண்டு. டெல்ஃபீன், "மார்லிஸ் எங்க காணோம்?" என்றாள்.

"குளிச்சிட்டிருக்கா. அவ வந்துட்டா நாம யாரும் வாயைத் திறக்க முடியாது" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்னதற்கு, மேடம், என்னைப் பார்த்து அல்ல. பிறகு ஜன்னல் கதையை நானே முதலிலிருந்து சொன்னேன். அம்மை, முகக்கண்ணாடி, டிக்கெட், எல்லாம். அவளைவிட நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். வென்டெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது சரி, காத்துக்கு வழி விட்டியாப்பா?" என்று கேட்டார். "அதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் குளியல் இருபது நிமிடம். நாற்பது ஆகியிருந்தது. இன்னொரு கதை இருந்தது, குழாய்க் கதை. அதையும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன்.

அந்த இடத்தில் நீங்கள் எழுத வேண்டிய வார்த்தையை நானே சொல்லிவிடுகிறேன். கொன்றேன். மார்லிஸ் ட்வைட்டை, அவள் கணவன் ஓரின் ட்வைட், தெரிந்தே கொன்றேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒரே ஒரு மனக்குறை. உங்களோடு வந்த போலீஸ்காரர் ஜன்னலைத் திறக்க அந்த அட்டையைக் கத்தியால் தாறுமாறாகக் கிழித்துவிட்டார். கீழ் ஓரத்தில் பிடித்து மெதுவாக இழுத்திருந்தால் முழுசாகவே வந்திருக்கும். நீங்களும் பார்த்திருக்கலாம்.

டெல்ஃபீன் எனக்கு முன்பே கூடத்திலிருந்து கிளம்பிவிட்டாள். எங்கள் ஜன்னலைத் தாண்டித்தான் அவள் வண்டிக்குப் போக வேண்டும். பழக்கதோஷத்தில் எட்டிப் பார்த்தாளாம். ஓரம் பிய்ந்த பழைய தாளாக இருந்திருந்தால் அந்த இடுக்கு வழியாக மார்லிஸ் விழுந்து கிடப்பது தெரிந்திருக்கும், ஓடிப்போய்க் கதவை உடைத்திருப்பேன் என்று இப்போது அழுகிறாள். வெள்ளியாகப் பளபளத்ததாம், ஒன்றுமே தெரியவில்லையாம். உள்ளே ஆள் இருப்பதே வெளியில் தெரியக் கூடாது என்று மார்லிஸ் கேட்டிருந்தாள். அதை நான் சரியாகச் செய்து கொடுத்திருக்கிறேன், மேடம்.