முள்ளம்பன்றிக் குட்டி

— செருப்பைக் கழட்ட வேணாம், ஊர்மிளா. தரை கூட்டி நாலு நாளாச்சு.

— நல்லா இருக்கே ஸ்வர்ணாக்கா! கையில ஹோயி மாதா பானையை வெச்சுக்கிட்டு செருப்போடயா வருவேன்? இந்தா, கழட்டிட்டேன். ஏன்க்கா விளக்குப் போடல? ரெண்டு வீடு தள்ளி இருக்குற எனக்கே உங்க வீடு பூட்டிக் கெடக்குற மாதிரி தெரிஞ்சுது.

— வெளிச்சம் இன்னும் இருக்கே. உக்காரு. எதுக்கு வந்த?

— இதென்ன கேள்விக்கா, ஹோயி நோன்பு அன்னைக்கு? கதை கேக்கத்தான். பதினாறு வருஷமா எம்பிள்ளை மன்னுக்காக நான் நோன்பு இருக்கேன், பதினாறு வருஷமும் உங்க பக்கத்துல உக்காந்துதானே கதை கேட்டிருக்கேன்.

— இந்த வருஷம் எல்லாரும் கோயில்ல உக்காரப் போறதாப் பேசிக்கிட்டாங்களே.

— கோயிலுக்கும் போனேன், பாருங்களேன். சந்தோஷ் மாமி ஆரம்பிச்சாங்க. வியாபாரி பொண்டாட்டி தீபாவளிக்கு வீடு மெழுக மண்ணு வெட்டப் போறா, மண்வெட்டிய ஓங்குறா... அதுக்கு மேல என்னால உக்கார முடியல. எந்திரிச்சு வந்துட்டேன்.

— தண்ணி கூடக் குடிச்சிருக்க மாட்ட. வெறும் வயிறு.

— மாமி வாசல் வரைக்கும் பின்னாடியே வந்து கத்துறாங்க. பாதிக் கதையில எந்திரிச்சா நோன்பு செல்லாதாம். நட்சத்திரம் வர்றதுக்குள்ள, பிள்ளை பெத்த இன்னொருத்தியோட உக்காந்து முழுசாக் கேட்டுடு, இல்லன்னா பிள்ளைக்கு ஆகாதுன்னாங்க.

— பிள்ளை பெத்த இன்னொருத்தி.

— ஐயோ அக்கா, நான் அப்படி...

— பெத்தவதானே. இல்லன்னு யார் சொன்னா. இருக்கட்டும்.

— உங்களை விட்டா எனக்கு யாருக்கா இருக்கா?

— நாலு நாள் முந்தி கர்வா சௌத்துக்கு என்னையும் வட்டத்துல உக்கார வெச்சாங்க. புருஷன் இருக்காரு, அந்த நோன்பு எனக்கு உண்டு. தட்டைச் சுத்தி விட்டாங்க. என் கைக்கு வந்தப்ப மட்டும் பாட்டு நின்னுபோச்சு. அடுத்தவ கைக்குப் போனதும் திரும்பப் பாடினாங்க. இந்த நோன்புக்கு யாரும் கூப்பிடல. நீதான் பானையைத் தூக்கிட்டு வந்திருக்க.

— மன்னுக்காக வந்தேன்க்கா. உங்க மேல சத்தியமா, வேற எதுக்காகவும் இப்படி வந்து உங்களை நோகடிக்க மாட்டேன். அவன் தசராவுக்கு அப்புறம் பள்ளிக்கூடமே போகல. ரொட்டி வெச்சா ரொட்டியப் பாத்துக்கிட்டே இருக்கான். மாடிக்கு ஏறவே மாட்டேங்குறான். எந்நேரமும் இந்த விரல் ரெண்டையும் தேய்ச்சுக்கிட்டு... தோலே உரிஞ்சுபோச்சு. டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் குடுக்குறாரு. சத்து மாத்திரை!

— ம்.

— நேத்து சாயங்காலம் தண்டவாளத்து மேல நின்னுட்டிருந்தானாம். தந்தூர்க் கடைக்காரர் பார்த்து, சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து விட்டாரு. இந்த நோன்பும் செல்லாமப் போச்சுன்னா நான் என்னக்கா பண்ணுவேன்?

— பதினாறு ஆயிடுச்சா அவனுக்கு?

— அடுத்த மாசத்தோட.

— என் தருணுக்கு இருபது. இனிமேயும் இருபதுதான்.

— நட்சத்திரம் வர்ற நேரமாச்சுக்கா.

— கோதுமை கொண்டாந்தியா?

— இந்தா, முந்தானையில முடிஞ்சிருக்கேன்.

— கையில எடுத்து வெச்சுக்க. நான் சொல்றேன், நீ ஊம் கொட்டு.

— நீங்களாக்கா? உங்களால முடியுமா? நான் வேணா சொல்றேனே.

— இருபது வருஷம் சொன்ன கதை. வாய் தன்னால சொல்லும். வியாபாரி பொண்டாட்டிக்கு ஏழு பிள்ளைங்க. தீபாவளிக்கு வீடு மெழுக மண்ணு வெட்டப் போனா.

— ஊம்.

— மண்ணுக்குள்ள முள்ளம்பன்றி வளை இருந்துச்சு. அவளுக்குத் தெரியாது. வெட்டினா. குட்டி செத்துப்போச்சு.

— ஊம்.

— தாய் முள்ளம்பன்றி வந்து பார்த்துச்சு. சாபம் குடுத்துச்சு. வருஷத்துக்கு ஒண்ணா ஏழு பிள்ளையும் போச்சு.

— ஊ... ஊம்.

— அவ அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க முன்னாடி உக்காந்து அழுதா. என் கையால நடந்துபோச்சுன்னு சொன்னா. சொன்னதுமே பாதிப் பாவம் கழிஞ்சுது. மீதிப் பாதிக்கு, முள்ளம்பன்றியையும் குட்டியையும் சுவத்துல வரைஞ்சு, தேய்பிறை அஷ்டமிக்கு நோன்பு இருந்தா. ஏழு பிள்ளையும் திரும்பி வந்துச்சு.

— ஹோயி மாதா, அவளுக்குக் குடுத்த மாதிரியே எல்லாருக்கும் குடு தாயே. முடிஞ்சுதுல்லக்கா? கோதுமையைப் பானையில போட்டுடவா?

— குட்டி?

— என்னக்கா?

— முள்ளம்பன்றிக் குட்டி. அது திரும்பி வந்துச்சா?

— கதையில... அது வராதேக்கா.

— வராது. ஏழு பிள்ளையும் வந்துச்சு, அது வரல. இத்தனை வருஷம் சொன்னேன், நான் கவனிக்கவே இல்ல. அன்னைக்கு சாயங்காலம் அந்தத் தாய் என்ன பண்ணுச்சு, வளைக்குப் போச்சா, எதையாவது தின்னுச்சா, ஒண்ணும் கதையில இல்ல.

— வேணாம்க்கா. பேசாதீங்க.

— நான் தின்னேன். பட்டம் விடுற பசந்த் பண்டிகைக்கு மஞ்சச் சோறு ஆக்கி வெச்சிருந்தேன்ல, தருணுக்குப் பிடிக்கும்னு பாதாம் தூக்கலாப் போட்டு. அவனை எடுத்துட்டுப் போனாங்க. வீட்டுல ஆளில்ல. அடுப்படிக்குப் போனேன், சட்டியிலேர்ந்து ரெண்டு வாய் அள்ளித் தின்னேன். இனிப்பு சரியா இருக்குன்னு கூட நினைச்சேன். மாடியில எல்லாம் இன்னும் கத்திக்கிட்டிருந்தாங்க, பட்டம் அறுந்துச்சுன்னு.

— அக்கா...

— மத்தவங்களுக்கு எல்லாம் திதி மறந்துபோகும், பண்டிதரைக் கேக்கணும். எனக்கு அந்தக் கவலை இல்ல. பிரோஸ்பூர் ஊரே மஞ்சத் துணி கட்டி ஞாபகப்படுத்தும். போலீஸ்காரர் என்ன சொன்னாரு? அம்பது மாடியில பட்டம் பறந்துச்சு, ஸ்கூட்டர்ல வந்த பையன் கழுத்துல மாட்டுனது யார் நூல்னு எப்படிச் சொல்றதுன்னாரு. சரின்னுட்டேன்.

— மன்னு நூல்க்கா.

— ம்.

— ஹோயி மாதா கேக்கட்டும், இந்தப் பானை மேல அடிச்சுச் சொல்றேன், எம்பிள்ளை நூல்தான். பிளாஸ்டிக் மாஞ்சா வேணும், அதுதான் யாராலயும் அறுக்க முடியாதுன்னு ஒரு மாசமா நச்சரிச்சான். தடை போட்டிருக்காங்கன்னு எனக்குத் தெரியும். அவங்க அப்பா வைவாருன்னு தெரியாம வாங்கி, மாவு டப்பாவுக்குள்ள ஒளிச்சு வெச்சு, நான்தான் குடுத்தேன். நான்தான்க்கா! அன்னைக்கு அவன் மாடியிலேர்ந்து எறங்கி வந்து, அம்மா, ஸ்வர்ணா பெரியம்மாகிட்டப் போகணும்னான். வாயை மூடுன்னு அறைஞ்சேன். நூல் கண்டை அடுப்புல போட்டேன். எரியல, உருகி ஒழுகுச்சு.

— இருக்கட்டும்.

— இருக்கட்டுமா? ஏதாவது சொல்லுங்கக்கா. காறித் துப்புங்க. சாபம் குடுக்கணும்னா எனக்குக் குடுங்க, என் கை கால் விளங்காமப் போகட்டும். அவனுக்கு மட்டும் வேணாம்.

— சாபம் குடுக்கத் தெம்பு வேணும், ஊர்மிளா. எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— நிர்ஜலா ஏகாதசிக்குத் தெருமுனையில பந்தல் போட்டுப் பால் சர்பத் குடுத்தாங்களே. அனல் அடிக்குது, வாசக்கதவு திறந்து கெடந்துச்சு. மன்னு ஒரு தம்ளர் கொண்டாந்து நீட்டினான். நான் வாங்குனேன், அவன் விடல. ரெண்டு பேரும் பிடிச்சுக்கிட்டே நின்னோம். அப்படியே எல்லாத்தையும் சொன்னான்.

— சொல்லிட்டானா? அஞ்சு மாசமாத் தெரிஞ்சுமா... தெருவுல பார்த்தா பேசுனீங்களே! அண்ணன் தம்பிக்குக் கயிறு கட்டுற ரக்கடி அன்னைக்கு என் பொண்ணு வந்தப்ப கையில ஸ்வீட் டப்பா குடுத்தீங்களே!

— நீ வருவன்னு இருந்தேன். ரக்கடிக்கு வருவன்னு பார்த்தேன். அப்புறம் நவராத்திரி. அஷ்டமிக்குக் கன்னிப் பொண்ணுங்க காலைக் கழுவறப்ப, இன்னைக்கு வந்துடுவான்னு நினைச்சேன். பண்டிகை ஒவ்வொண்ணா வந்துட்டே இருந்துச்சு. நீ வரல.

— பயம்க்கா. அவனைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்கன்னு பயம். நீங்க அவன் முகத்துலயே முழிக்க மாட்டீங்கன்னு பயம்.

— அவன் மூணு நாலு தடவை வந்தான். அந்தப் பிரம்பு மோடாவுல உக்காருவான். விரலைத் தேய்ச்சுக்கிட்டே இருப்பான். பத்து நாளா வரல.

— எனக்குத் தெரியவே தெரியாதேக்கா.

— போகட்டும். கோதுமையைப் போடு. வானத்தைப் பாரு, வந்துடுச்சா?

— குருத்வாரா பக்கம் ஒண்ணு மினுங்குது... ஆமா, நட்சத்திரம்தான்.

— அப்ப அந்த அலமாரிக்குக் கீழ துண்டு போட்டு மூடி வெச்சிருக்கேன், அதை எடு. கொட்டிடாத, நிறைய தண்ணி இருக்கு.

— இதென்ன... பானையில சிவப்புக் கயிறு, கரும்பு, குல்குலா பணியாரம். அக்கா, இது ஹோயி பானை. நீங்களும் காலையிலேர்ந்து தண்ணி குடிக்கலையா? யாருக்குக்கா நோன்பு? தருண்தான் இல்லியே.

— மன்னுக்கு. அன்னைக்கு அவன் கையில நூல் மொதல்ல கனமாச்சாம், ரெண்டு தடவை வெடுக்கு வெடுக்குன்னு இழுத்துச்சாம், அப்புறம் லேசாயிடுச்சாம். அந்த ரெண்டு இழுப்பு எம்பிள்ளையோடது, ஊர்மிளா, அது அவன் விரல்ல மட்டும்தான் இருக்கு. அவன் சாகக் கூடாது.