பழைய டிஸ்க்

எனக்குத் தூக்கம் கொஞ்சம் லேசு, ஐயா. ஃபோன் ஒரு தடவை முனகினாலும் எழுந்துவிடுவேன். அதனால்தான் ஆஸ்பத்திரி சர்வர் அனுப்பும் எச்சரிக்கைகள் எனக்கு வராதபடி நிறுத்தி வைத்தேன். இத்தனை வருஷமாக ஒற்றை ஆளாக அந்த சர்வர் அறையைக் கட்டி மேய்க்கிறவன் வேறு என்ன செய்வான், சொல்லுங்கள்.

யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற விவரம் மட்டும் இருக்கும் லினக்ஸ் சர்வர் அது. உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும். ஒன்று படுத்தாலும் மற்றது காப்பாற்றும். ரெய்டு என்போம். கேபிள் தளர்ந்து முதல் டிஸ்க் மூன்று வாரம் முன்பே விலகிவிட்டது. எச்சரிக்கை வந்திருக்கும். இரண்டாவது மட்டும் தனியாக எழுதிக்கொண்டிருந்தது.

அன்று காலை கரண்ட் போய் வந்ததும் சர்வர் எழவில்லை. எழுப்பிவிடும் நிரலை முதல் டிஸ்க்கில் மட்டும் போட்டிருந்தேன். மற்றதிலும் போடச் சோம்பல். இரண்டாவதில் இருக்கும் புதிய பதிவுகளை, மூன்று வாரம் பழசாகிப்போன முதல் டிஸ்க்குக்கு நகல் எடுப்பதுதான் முறை. அரை நாள் பிடிக்கும், ஏன் இப்படி ஆயிற்று என்றும் கேட்பார்கள். மேனேஜர் வாசலிலேயே நின்று, "இன்னும் எவ்வளவு நேரம்பா?" என்று உயிரை வாங்கினார்.

கேபிளை அழுத்தி, பழசாகிப்போன அந்த முதல் டிஸ்க்கை வைத்தே எழுப்பினேன். பிறகு அதையே புதியதன் மேல் நகல் எடுக்கச் சொன்னேன். லினக்ஸ் மறுத்தது, எது புதியது என்று அதற்குத் தெரியும். மறுத்தாலும் செய்யவைக்க வழி உண்டு. செய்ய வைத்தேன். இரண்டும் ஒன்றாகிவிட்டால் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

நகல் பாதிகூட ஆகவில்லை, தலைமை நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, வார்டுல இருக்கிற தச்சர் ஐயாவுக்கு அந்த ஊசி ஒத்துக்காதுன்னு போன வாரம் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். இருக்கான்னு பாரு. ராத்திரி டூட்டிக்கு வர்ற பொண்ணு திரையைப் பாத்துத்தான் போடுவா."

பார்த்தேன். இல்லை. அந்த நேரத்தில் நகலை நிறுத்தியிருந்தால் இரண்டாவது டிஸ்க்கில் இன்னும் அழியாத மீதிப் பாதியில் அவருடைய பதிவு கிடைத்திருக்கலாம். ஆனால் தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. எனக்கு ரொம்ப அசதியாக இருந்தது.

"இருக்குக்கா, நீங்க கிளம்புங்க" என்றேன்.

நகல் முழுசாக முடியும்வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்று ராத்திரி தச்சருக்கு ஊசி போட்டார்கள். மூச்சுத் திணறிப் போய்ச் சேர்ந்தார். போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். போட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும்.

ஊசி போட்ட பெண்ணை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்களாம். அவளை விட்டுவிடுங்கள், ஐயா. திரையில் ஒன்றும் இல்லை, அவள்மேல் தப்பில்லை. விசாரிப்பதானால் அந்த நர்ஸக்காவை விசாரியுங்கள். உயிர் விஷயம், ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுப் போய்விட்டார். இன்னொரு தடவை கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன்.