மாலை போட்டால் பெட்டி பேசாது

பல பதவிகளுக்கு நடுவிலும் நமக்கொரு மாலைப்பொழுதை ஈந்த வாசகசாலைத் தலைவர் வேணுகோபால் அவர்களே! அவர் சொல்லப்போவதற்கு முன்பே தலையாட்டிவைத்த குழுவினரே! பின்னால் நின்றாலும் பின்வாங்காத பெரியோர்களே! முந்திரி உடைத்த கறை போகாத கையோடு முன்வரிசைக்கு வந்துவிட்ட தாய்மார்களே! ஜெயங்கொண்டம் பழைய இரும்புக் கடை ராசாங்கத்தின் பணிவான வணக்கம்.

இதோ, மாலையும் சந்தனமுமாய் மணக்கோலத்தில் அமர்ந்திருக்கிறதே சிற்றலை வானொலிப் பெட்டி, அது ஊமையாகிவிட்டதாம். ஆகவே வெற்றிச்செல்வி டீச்சர் பிள்ளைகளுக்கு வானொலி பழக்கும் மாடி அறையை, நாளை முதல் பந்தல் சாமான் போட எடுத்துக்கொள்வார்களாம். “செத்த பொட்டிக்கு எதுக்கு டீச்சர் ஒரு ரூமு?” என்று தலைவர் கேட்டாரே, நீங்களும் கேட்டீர்கள்.

நல்ல கேள்வி. கொஞ்சம் சரித்திரமும் கேட்டிருக்கலாம்.

நூறாண்டுக்கு முன் மேலைநாட்டு மேதாவிகள் என்ன செய்தார்கள்? நெட்டை அலைதான் நெடுந்தூரம் போகும் என்று வானளாவக் கம்பம் நட்டார்கள். இருநூறு மீட்டருக்குக் கீழான குட்டை அலை, அதாவது நம் பெட்டியின் சிற்றலை, குப்பை என்று, பொழுதுபோக்குக்காகக் கருவி கட்டியவர்களிடம் தள்ளிவிட்டார்கள். விளையாத செம்மண்ணை நம் பாட்டன்மார் தலையில் கட்டினார்களே, அதே பெருந்தன்மை! சிரிக்கிறீர்கள். அந்தச் செம்மண்ணில் முந்திரி காய்த்ததா இல்லையா? பல்புபோல் சூடேறி எரியும் இரண்டொரு வால்வும் கையால் சுற்றிய கம்பிச்சுருளும் வைத்து அனுப்பிய அந்தக் குப்பை அலை, வானில் மோதியது, வளைந்து திரும்பியது, கடலையே கடந்தது! ஒல்லாந்துக்காரன் தன் நாட்டிலிருந்தபடி, தான் ஆண்ட ஜாவாவுக்குப் பேசினான். அப்புறம்? வேண்டாம் என்ற வல்லரசுகளே பஸ்ஸில் துண்டு போடுவதுபோல் இடம்பிடிக்க ஓடிவந்தன.

சரி, போன மாதம்வரை பேசிய நம் பெட்டி ஏன் ஊமையானது? வானொலிக்குக் காது எது? ஏரியல் கம்பி. மாடியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கட்டியிருந்த செப்புக் கம்பி. தலைவர் படம் போட்ட பேனருக்குக் குறுக்கே நின்றதென்று அதை அறுத்தார்கள். அறுத்ததை என்ன செய்தார்கள்? யாரது, “சொல்லுண்ணே” என்பது? சொல்லாமல் போவேனா? செம்பு என்று எடைக்குப் போட்டார்கள். எங்கே? ஊரில் வேறு கடையே தெரியாத அறிவாளிகள், என் தராசிலேயே போட்டார்கள்!

காதை அறுத்துவிட்டுக் கழுத்துக்கு மாலையா? நாற்பது வருஷம் குப்பையில் பிழைத்தவன் நான். எது குப்பை என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

முறைக்காதீர்கள் தலைவரே, இறங்கத்தான் போகிறேன். பெட்டி பேசினால் அறை பிள்ளைகளுக்குத்தானே? தாய்மார்கள் ஆமாம் என்கிறார்கள். தலைவரும் தலையசைத்துவிட்டார், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதோ, மஞ்சள் பையில் அதே கம்பி. ஒரு முனையைப் பெட்டியில் செருகி, மறுமுனையைக் கொடிக்கம்பத்தில் கட்டுங்க டீச்சர். பேனர் கிழிந்தால் கவலை வேண்டாம், பழைய துணியும் எடுக்கிறேன்.

வால்வு சூடேறட்டும். கரகரக்கிறதா? மெல்லத் திருகுங்க... இன்னும் கொஞ்சம்...

அதோ, ஒரு பெண்குரல்! எந்தத் தேசமோ, என்ன மொழியோ, எனக்குப் புரியவில்லை. தலைவருக்குப் புரிந்திருக்கும்.

இவ்வளவு நேரம் காது கொடுத்தீர்கள், நன்றி. மிச்சத்தை அவள் பேசட்டும். வணக்கம்.