கொட்டாய்க்குப் போற வயரு

ஏணிய அங்கயே சாத்து தம்பி. இப்பவே கூரைக்குப் போவாத, மொதல்ல இப்பிடி வந்து ஒக்காரு. ரஹாங்ல இருந்து மோட்டோ சைக்கிள்ல வந்திருக்க, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. வெயிலா இது? வெறும் பொகை. கடல் தாண்டி காடு எரியுதாம், இங்க நம்ப மூச்சு முட்டுது. தேத்தண்ணி குடி. யாரு, வெளி கேட்டுகிட்ட ஒக்காந்திருக்கிற பொம்பளையா? என் தங்கச்சி லா அது, ராக்கம்மா. அவ உள்ள வர மாட்டா. காலையில ஏழு மணியில இருந்து அங்கதான் ஒக்காந்திருக்கா. தண்ணி கூட வாங்கிக்கல.

நீ பெருசா ஒன்னும் செய்ய வேணாம். வயரு வெட்டுப்பட்டிருக்கு, அதான் ரெண்டு கம்ப்யூட்டரும் பேசிக்கலன்னு, ஒங்க கடை தாள்ல ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. போறப்ப அவ கேப்பா. அவகிட்டயும் அதையே வாயால சொல்லிடு. அவ்ளோதான் வேலை.

டெஸ்ட்டு பண்ணணுமா? பண்ணு, யாரு வேணாங்கிறா. நான் என்ன சொல்றேன், ஏற்கனவே ஆன கதை, எதுக்குக் கஷ்டப்படுறன்னு. சரி சரி, கேளு, சொல்றேன்.

இது ஒன்னு, இங்க நடுவீட்டுல இருக்கிறது. கொட்டாய்ல தராசுகிட்ட ஒன்னு. ரெண்டுக்கும் நடுவுல இந்தக் கறுப்பு வயரு, சன்னல் வழியா போயி, கூரை மேல ஏறி, அந்த ரம்புத்தான் மரத்த ஒட்டி கொட்டாய்ல எறங்குது. முப்பதடி இருக்கும். லோரி செம்பனைக் குலையோட வரும், கொட்டாய்ல எடை போடுவோம், போட்ட ஒடனே இங்க நீலாவதி முன்னால நம்பரு வந்து நிக்கும். என் சம்சாரம். அவ சீட்டு அடிச்சுக் குடுப்பா, லோரி மில்லுக்குப் போவும். சீட்டு இல்லாம போனா மில்லு கேட்டுலயே திருப்பி அனுப்பிடுவான். பழம் ஒரு நாள் தாண்டுனா எண்ணெய் கெட்டுப் போயிடும், அப்பறம் ஒருத்தனும் தொட மாட்டான்.

எப்ப நின்னுச்சா? விஜயதசமி அன்னிக்குக் காலையில, இன்னியோட பத்து நாளு ஆச்சு. முந்தின நாள் லீவு, தராசயே தொடல. காலையில தொறந்தா, இது அதப் பாக்கல, அது இதப் பாக்கல. தனித்தனியா ரெண்டும் நல்லாத்தான் ஓடுது. இந்த டெலிபோன் டப்பா வழியா செரம்பானுக்கு நல்லா பேசுது. முப்பதடி தள்ளி இருக்கிற கொட்டாய்க்குப் பேச மாட்டேங்குது. சனியன்.

நானும் பாக்காததா? அணைச்சு அணைச்சுப் போட்டேன். ஒங்க கடைக்குப் போன் பண்ணேன், ஒரு சீனப் பொண்ணு எடுத்துச்சு, பேரு ரெண்டும் ஒன்னா இருக்கான்னு பாருங்க, பிளக்கு எல்லாம் இறுக்கமா இருக்கான்னு பாருங்கன்னுச்சு. பிளக்கத் தட்டிப் பாத்தேன், இருந்துச்சு. இதத் தூக்கிட்டுப் போயி அங்க வச்சேன், அதத் தூக்கிட்டு வந்து இங்க வச்சேன். கூண்டக் கழட்டித் தூசி ஊதுனேன். ஒரு எத்து எத்துனேன், இங்க பாரு, மூஞ்சி நெளிஞ்சிருக்கு. வெளிய பதினொரு லோரி நிக்குது. ஹாரன் அடிக்கிறானுங்க. ஒருத்தன் எறங்கி வந்து, என்னாண்ணே, ஒங்க கம்ப்யூட்டருக்கும் ஒங்க வீட்டுச் சண்டை ஒட்டிக்கிச்சான்னு கேட்டுச் சிரிச்சான். விட்டேன் ஒன்னு. முன் பல்லு ஒன்னு கையோட வந்துருச்சு. அப்பறம் எவனும் ஹாரன் அடிக்கல.

என்னப் பத்தி நீ கேள்விப்பட்டிருப்ப. வீரமுத்து சட்டுன்னு கை நீட்டிருவான்னு சுங்கை காடுட் வரைக்கும் சொல்லுவாங்க. பொய் இல்ல. எனக்குக் கோவம் வந்தா காது அடைச்சுக்கும் தம்பி, எதுக்க இருக்கிறவன் வாய் அசையறது தெரியும், சத்தம் கேக்காது. எங்கப்பா தோட்டத்துல மண்டோரு, ஆளுங்கள வேலை வாங்குறவரு. அவரும் அப்பிடித்தான். எங்கள அடிச்சு முடிச்சப்பறம் பெல்ட்ட எண்ணெய் போட்டுத் தொடச்சு ஆணியில மாட்டுவாரு.

வீட்டுச் சண்டை என்னன்னா கேக்கற? அது ராக்கு புருசன், சன்னாசி. தோட்டத்துல இருவது வருசம் வயர்மேன் அவன். லைன் வீட்டுக்கெல்லாம் கரண்டு இழுத்தவன். இந்த கம்ப்யூட்டரு வாங்குனப்ப, வயரு இழுக்க அவனக் கூப்புடாம டவுனு ஆளக் கூப்புட்டேன். கரண்டு வேற, இது வேறன்னு நெனச்சேன். அவனுக்கு ரோசம். மச்சான் வீட்டு வயரு, ஊரான் வந்து இழுக்கிறானான்னு சாப்பாட்டுக் கடையில நாலு பேரு முன்னால பேசியிருக்கான். அதோட விட்டானா? அந்த வயரு தீவாளி தாங்காதுன்னும் சொல்லியிருக்கான். எட்டு மாசம் பேச்சு வார்த்த இல்ல. எங்க ஆத்தா தெவசத்துக்குக் கூட வரல. ராக்கு மட்டும் வந்து ஒரு ஓரமா நின்னுட்டுப் போனா.

இப்ப நீயே சொல்லு. தீவாளி தாங்காதுன்னவன். தீவாளிக்கு மூணு வாரம் இருக்கறப்பவே வயரு செத்துப் போச்சு. நீ யார நெனப்ப?

மூணாம் நாளு. காலையில பதினோரு மணி இருக்கும். நான் லோரிக்கு அடியில டயரு மாத்திக்கிட்டு இருக்கேன். தலையத் தூக்கிப் பாத்தா, ரம்புத்தான் மரத்துகிட்ட சன்னாசி. கையில கட்டிங் பிளேயரு. இன்னொரு கையில வயரப் புடிச்சுத் தடவிக்கிட்டு நிக்கிறான்.

காது அடைச்சுக்கிச்சு.

ஜாக்கிக் கம்பி கையிலயேதான் இருந்துச்சு. மொதல் அடி முதுகுல. திரும்புனான், ஏதோ சொன்னான், வாய் அசைஞ்சுச்சு. பிளேயரப் புடிச்ச கையில ரெண்டாவது. எலும்பு ஒடையற சத்தம் மட்டும் எனக்கு எப்பிடிக் கேட்டுச்சுன்னு தெரியல, காஞ்ச செம்பன மட்டைய மிதிச்ச மாதிரி. விழுந்துட்டான். விழுந்தவன விட்டிருக்கலாம். விடல. விழுந்த கைய மறுபடி அடிச்சேன். இந்தக் கைதானடா, இந்தக் கைதானடான்னு கத்திக்கிட்டே அடிச்சேனாம், நீலாவதி சொன்னா. எனக்கு ஞாபகம் இல்ல. தலையில பட்டது எந்த அடின்னும் தெரியாது. ராக்கு ஓடி வந்து அவன் மேல கவுந்து படுத்துட்டா. அதுக்கப்பறமும் ஒன்னு எறங்கிருச்சு தம்பி. அவ தோள்ல. என் கூடப் பொறந்தவ. நான் தூக்கி வளத்த புள்ள. அப்பத்தான் கம்பியக் கீழ போட்டேன்.

முடியல. ஒரு நிமிசம் இரு.

ஆங். கை மூணு எடத்துல போச்சு. டாக்டரு, இனிமே அந்தக் கையால சாவியக் கூட திருப்ப முடியாதுன்னுட்டாரு. தலையில அடி, அதுல பேச்சு போயிருச்சு. ஆளு தெரியுது. கண்ணுல தண்ணி வருது. வாய் வரல. நீ வெட்டுனியா இல்லையான்னு கேட்டா பதில் சொல்ல அவனுக்கு வாய் இல்ல. ராக்கு என்னா சொல்றான்னா, அவன அவதான் அனுப்புனாளாம். எங்கண்ணன் வாய விட்டுக் கேக்காது, நீங்களே போயி வயரு என்னா ஏதுன்னு பாத்துக் குடுங்க, அப்பிடியாச்சும் பேச்சு வரட்டும்னு அனுப்புனாளாம். போலீஸ் பாலாய்ல ரிப்போட்டு குடுத்தது அவதான். நான் ஜாமின்ல இருக்கேன்.

முந்தாநேத்து கேட்டுகிட்ட வந்து நின்னு சொன்னா. வயரு படிச்ச ஆளு ஒருத்தரக் கூப்புடு. எனக்கும் ஒனக்கும் சம்பந்தம் இல்லாத ஆளா இருக்கட்டும். என் புருசன்தான் வெட்டுனாருன்னு அவரு சொன்னா ரிப்போட்ட நானே போயித் திருப்பி எடுத்துக்கிறேன். வெட்டலன்னா, நீ உள்ள போ, நான் ஒன்னத் தலை முழுவிடறேன். இதான் அவ பேச்சு. அதான் ஒங்க கடை மொதலாளி, தவுக்கேகிட்ட சொல்லி ஒன்ன வரச் சொன்னேன்.

ஏறு ஏறு. ஏணிய நான் புடிச்சிருக்கேன். தகரம் சுடும், பாத்து. ஓடு போட்ட பக்கம் மிதிக்காத, ஒடையும். வலது பக்கம். ஆ, அங்கதான். தெரியுதா? நான்தான் சொன்னேன்ல, ரெண்டாக் கெடக்கும். போதும், எறங்கு.

என்னா தம்பி அவ்ளோ நேரம் பாக்கற?

பத்து நாளு ஆச்சுன்னு சொன்னேனே. ஆமா, பத்து நாளு.

எறங்கி வா. கையில எடுத்துக்கிட்டு வா, வா. காட்டு. ம். ஆமா, வயரு மேல பொகைத் தூசி அப்பிக் கெடக்கு. வெரல வச்சா கறுப்பா ஒட்டுது. வெட்டுன வாயில ஒன்னும் இல்ல. செம்பு பளபளன்னு இருக்கு. நீ சொல்லவே வேணாம், எனக்கும் கண்ணு இருக்கு. அதுவும் இல்லாம அவன் நின்னது மரத்துகிட்ட, இது கூரை நடுவுல. அவன் ஏணியே கொண்டு வரல.

பயப்படாத லா. ஒன்ன ஒன்னும் செய்ய மாட்டேன். கம்பிய எல்லாம் ஆத்துல வீசிட்டேன். ஒக்காரு.

நேத்து சாயங்காலம் நான்தான் ஏறி வெட்டுனேன்.

அப்ப எதுனால நின்னுச்சுன்னுதான கேக்கற. நீ படிச்ச புள்ள, சொன்னா ஒனக்குச் சிரிப்பு வரும். ஆயுத பூசைக்கு அருவா, கடப்பாரை எல்லாம் கழுவி சாமி முன்னால வச்சிடலாம். லோரியத் தூக்கி வைக்க முடியுமா? அதுக்குப் பதிலா அதோட சாவிய வப்போம். தராசுக்கு ஒரு படிக்கல்லு. எங்கப்பா காலத்துல இருந்து அப்பிடித்தான், பெரிய சாமானா இருந்தா அதுல இருந்து ஒரு சின்னத கழட்டி வைக்கணும். இந்த வருசம் கம்ப்யூட்டரு புதுசு. அதுக்கு என்னத்த வைக்கிறதுன்னு பாத்தேன். கொட்டாய்ல, பெட்டிக்குப் பின்னால, வயரு முடியற எடத்துல வெள்ளி மாதிரி ஒரு குட்டி மூடி. திருகுனா வந்துச்சு. சும்மா தூசி போவாம இருக்க மூடின்னு நெனச்சுட்டேன் தம்பி. சுண்டு வெரல் நுனி அளவுதான். கழட்டி, தொடச்சு, சந்தனம் வச்சு, சாமி முன்னால வச்சேன். மறுநாளு சாவிய எடுத்தேன், படிக்கல்ல எடுத்தேன். அத மறந்தே போயிட்டேன்.

ஆமா. நீ இப்ப சொல்ற, அந்த மூடி இல்லன்னா வயரு முழுக்கச் செத்துடும்னு. எனக்கு எவன் சொன்னான்?

அடிச்சு ரெண்டு நாளு கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு. மூடியத் திருகுனேன், கம்ப்யூட்டரப் போட்டேன். கொட்டாயி நம்பரு நடுவீட்டுல வந்து நிக்குது. நீலாவதி வீட்டுல இல்ல. நான் ஒத்தையா அது முன்னால ஒக்காந்திருந்தேன். வயரு நல்லாத்தான் இருந்திருக்கு. அவன் தொடவே இல்ல. ரெண்டையும் அணைச்சுப் போட்டுட்டு, இன்னும் சரியாவலன்னு எல்லாருகிட்டயும் சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் சீட்ட கையாலதான் எழுதறோம். எனக்கு ஜெயிலு பெருசு இல்ல தம்பி. உள்ள போயிட்டு வந்தவங்க எங்க வம்சத்துல உண்டு. அவ மூஞ்சியத்தான் பாக்க முடியாது.

எங்க கெடச்சுச்சா? நான் தேடல. தேடணும்னே எனக்குத் தோணல.

அடிபட்டதுக்கு மறுநாளைக்கு மறுநாளு, ராக்கு வந்தா. அன்னிக்கு ஒரு நாளுதான் உள்ள வந்தா. என்கிட்ட ஒரு வார்த்த பேசல. நேரா சாமி ரூமுக்குப் போனா. எங்க கொலசாமி படம் இங்க இருக்கு, ஆசுபத்திரியில அவன் நெத்தியில பூச துன்னூறு எடுக்க வந்திருக்கா. தட்டுல கைய விட்டு அள்ளியிருக்கா, துன்னூறோட இந்த மூடியும் கையில வந்திருக்கு. வெளிய வந்து, அவ்ளோ ஆத்திரத்துலயும், ஒன் சாமானு எதையோ துன்னூறு தட்டுல போட்டு வச்சிருக்கியேண்ணேன்னு சொல்லி, முந்தானையில தொடச்சு என் உள்ளங்கையில வச்சா. என்னண்ணே இதுன்னு கேட்டா.

லோரி சாமான்னு சொன்னேன். சரின்னுட்டுப் போயிட்டா.