நாலு செகண்ட் மௌனம்

இல்லண்ணே, எண்ணெய் போட்டுப் பாக்கலாங்கற பேச்சே வேணாம். கழட்டிடுங்க. பூட்டு நல்லாத்தான் இருக்கு, தெரியும். நல்லாத் திறக்குதே, அதான் பிரச்சனை. ஆறரைக்குள்ள புதுசு மாட்டியாகணும். இப்ப மணி நாலே முக்காலா? முடிஞ்சிடும்ல? முடிஞ்சிடும்னு வாயால ஒரு தடவை சொல்லுங்களேன்.

டார்ச்சை என்கிட்ட குடுங்க. பிடிக்கறேன். சும்மா உக்காந்திருக்க முடியாது.

ஏன் இவ்வளவு பயம்னா... சொன்னா சிரிப்பீங்க. போலீஸ் ஸ்டேஷன்லயே சிரிச்சாங்க. ஒரு டிவி தொடரால வந்த வினைண்ணே. ஒன்பதாவது கலம். பாத்ததில்லையா? அப்பாடா. உங்ககிட்ட தைரியமாப் பேசலாம்.

ஒண்ணுமில்ல, ஒரு விண்கலம். அதுல நூத்திப் பன்னண்டு பேர். வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாம பத்தொம்பது வருஷமா அலையறாங்க. பதினோரு பாகம் வந்தாச்சு. கேப்டனுக்குத் தலை நரைச்சு, அப்புறம் எப்படியோ மறுபடி கறுத்தும் போச்சு. அதைப் பத்தி யாரும் வாயத் திறக்கறதில்ல. அந்தத் தொடர் பாக்கறவங்களுக்குன்னு போன்ல ஒரு குழு இருக்கு. நாப்பதாயிரம் பேர். நானும் அதுல இருக்கேன், பாத்திரக்காரிங்கற பேர்ல. அங்க யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது.

ஏன் பாத்திரக்காரியா? நான் முதல்முதலா எழுதினதே அதைப் பத்திதான். பத்தொம்பது வருஷத்துல ஒருத்தர்கூட தட்டு கழுவி நான் பாத்ததில்ல. சாப்பிடறாங்க, அலாரம் அடிக்குது, எழுந்து ஓடறாங்க. அந்தத் தட்டெல்லாம் எங்க போச்சு? இதைத்தான் கேட்டேன். பாதிப் பேர் சிரிச்சாங்க. மீதிப் பேர் என் வளர்ப்பைப் பத்தி விசாரிச்சாங்க.

கொஞ்சம் மேல காட்டணுமா? இப்படியா?

அப்புறம் விட முடியலண்ணே. எல்லாரும் ஒரு பக்கம் இருந்தா எனக்கு மறுபக்கம்தான் தெரியும். ஆறாவது பாகத்தைக் குப்பைன்னு நாப்பதாயிரம் பேரும் சத்தியம் பண்ணுவாங்க. கலம் ரிப்பேராகி நிக்கும், பதிமூணு வாரம் ஒண்ணுமே நடக்காது. எனக்கு அதுதான் உசிரு. சண்டை இல்ல, ஓட்டம் இல்ல, ஜனங்க உக்காந்து பேசிக்கிட்டிருப்பாங்க. அதை எழுதினேன். அப்புறம் அந்தப் பாசி ஜனங்க. பச்சையா வழவழன்னு இருப்பாங்க, அவங்கதான் வில்லன். அவங்க கேக்கறது என்ன, அவங்க நிலாவை அவங்ககிட்டயே திருப்பிக் குடுங்கன்னுதானே? குடுத்துட்டுப் போயேன்யான்னு எழுதினேன். துரோகின்னாங்க. எந்த நாட்டுக்குத் துரோகின்னு கேட்டேன்.

சிரிக்கறீங்க பாத்தீங்களா. நானும் அப்ப சிரிச்சுக்கிட்டேதான் எழுதினேன்.

கேப்டன் விஷயத்துலதான் மாட்டிக்கிட்டேன். நாலாவது பாகத்துல கலத்தோட அடித்தளத்துல தீப்பிடிச்சிடும். கீழ சமையல்காரி ஒருத்தி இருப்பா. மேல வரதுக்கு ஏணில கால் வச்சிட்டா. கேப்டன் ஏணிக்கு மேல இருக்கற மூடியை இழுத்துச் சாத்திடுவார். ஒருத்தி போனா மத்தவங்க பிழைப்பாங்கன்னு கணக்கு. அந்த எடத்துல எல்லாரும் அழுவாங்க. அவளுக்காக இல்லண்ணே, அவருக்காக! பாவம், எவ்வளவு பெரிய பாரத்தைச் சுமக்கறார்னு. அன்னிக்கு அவர் போட்டிருந்த சட்டை மாதிரியே தைச்சுப் போட்டுக்கிட்டுத் திரியறவங்க இருக்காங்க. நான் எழுதினேன், சாத்தறதுக்கு முன்னாடி அவளை ஒரு வார்த்தை கேட்டாரா? ரெண்டே ரெண்டு படிதான் பாக்கி இருந்துச்சு. எண்ணிப் பாத்துட்டேன்.

அதுக்கப்புறம்தான் நங்கூரம் வந்தது.

அது ஒரு ஆளோட பேர்ண்ணே. குழுவுல பெரிய கை. எந்த வாரம், எந்தக் காட்சி, எவன் என்ன பேசினான்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லும். முதல்ல பாடம் நடத்துற மாதிரிதான் பதில் போட்டுச்சு. அப்புறம் திட்டு. அப்புறம் போன மாசம், உன் தெருவைக் கண்டுபிடிக்கறது எனக்குப் பெரிய விஷயமில்ல, டைப் அடிக்கற விரலையெல்லாம் எண்ணி வச்சுக்கோன்னு எழுதிச்சு. அதுக்கு நானூறு பேர் கைதட்டல் பொம்மை போட்டாங்க. அதுல ரெண்டு பேர் என் தட்டு விஷயத்துக்குச் சிரிச்சவங்க.

எண்ணிட்டேண்ணே. நெஜமாவே எண்ணிப் பாத்தேன், பஸ்ல உக்காந்து.

ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டர் பொறுமையாத்தான் கேட்டார். எல்லாத்தையும் படிச்சுட்டு, ஏம்மா, வயசு முப்பத்தெட்டாச்சு, பொம்மைக் கப்பலுக்குச் சண்டையா, அந்தக் குழுவை விட்டு வெளிய வாம்மான்னார். நான் கிளம்பறப்ப மெதுவாக் கேக்கறார், ஆனா ஆறாவது பாகம் நல்லாருக்குன்னு நெஜமாவா சொல்றீங்கன்னு!

நிறுத்தியிருக்கலாம்தான். நீங்க கேக்கறது நியாயம். ஆனா எனக்கு வேற எங்க பேச்சுண்ணே? கண்ணாடிக் கடையில வேலை. பின்பக்க ரூம்ல லென்ஸ் தேய்க்கறேன். ஃப்ரேமுக்கு ஏத்த மாதிரி ஓரத்தை வெட்டி மாட்டணும். மெஷின் சத்தத்துல யார் பேசினாலும் காதுல விழாது. வீட்டுல இந்தத் தொடரைப் பத்தி மறுத்து ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கேன். அன்னிக்கு அதோ அந்தச் செவுத்துல போய் டிவிடி ப்ளேயர் மோதிச்சு. சுண்ணாம்பு பேந்திருக்கு பாருங்க, அந்தக் காலண்டருக்குக் கீழே.

சரி, அது கிடக்கட்டும். நீங்க வேலையப் பாருங்க. துளை சரியா உக்காருதா? பெருசாக்கணுமா? ஆக்குங்க, மரம் போனாப் போகட்டும்.

முந்தாநாள் ஒண்ணு எழுதினேன். நான் எழுதினதுலயே நல்லது அதுதான். அந்தச் சமையல்காரி போன அடுத்த வாரம், கலத்துல இருக்கற ரோபோகிட்ட டாக்டரம்மா கேப்பாங்க, மூடியைச் சாத்தினது யாருன்னு. ரோபோ நாலு செகண்ட் பேசாம நிக்கும். கண்ணு வெளிச்சம்கூட அசையாது. அப்புறம்தான், கேப்டன் உத்தரவுன்னு சொல்லும். எனக்கு அந்த நாலு செகண்ட் மேல அவ்வளவு ஆசைண்ணே. இத்தனை வருஷத்துல அந்தத் தொடர்லயே நெஜமான எடம் அதுதான்னு எழுதினேன். ரோபோவுக்கு எல்லாம் தெரியும், ஆனா அதுக்குக் கேப்டன்கிட்ட பயம், உண்மையைச் சொன்னா தன்னையும் கழட்டிடுவாருன்னு பயந்து நிக்குது, அந்தக் கலத்துல மனுஷ ஜென்மம் அது ஒண்ணுதான்னு. மூணு பக்கம் வந்துச்சு. எழுதி முடிச்சு அழுதேன்.

இன்னிக்கு மத்தியானம் சாப்பிடறப்ப போனைத் திறந்தா அறுநூறு பதில். ஒரே சிரிப்பு. எந்த மௌனம்? என்ன மௌனம்? கேட்ட உடனே டக்குனு பதில் சொல்லுதேம்மா, நீ எந்தக் கலத்துல பாத்தே? ஒருத்தர் அந்தக் காட்சியையே வெட்டிப் போட்டிருந்தார். பாத்தேன். ஆமாண்ணே. மௌனமே இல்ல. கேள்வி முடியறதுக்குள்ள பதில்.

அப்பதான் நங்கூரத்தோட பதிலப் பாத்தேன். எப்பவும் பக்கம் பக்கமா எழுதுற ஆள், ஒத்தை வரி போட்டிருந்துச்சு. அந்த மௌனத்தை எனக்குத் தெரியும், சாயங்காலம் நேர்ல பேசலாம்னு.

தலைவலின்னு சொல்லிட்டுக் கடையிலேருந்து ஓடி வந்தேன். வந்து வீட்டுல போட்டுப் பாக்கற அந்த நாலாவது பாகத்து டிஸ்க்கை எடுத்து ஜன்னல் பக்கமா சாய்ச்சுப் பாத்தேன். முடி மாதிரி ஒரு கீறல், ஓரத்துலேருந்து உள்பக்கமா. ப்ளேயர் செவுத்துல மோதின அன்னிக்கு உள்ள இருந்த டிஸ்க் அது. கீறல் வந்த எடத்துல படம் நின்னு நின்னு போகுது, அவ்வளவுதான். ரோபோவும் பயப்படல, ஒண்ணும் பயப்படல. பதினாலு வருஷமா லென்ஸ்ல கீறல் இருக்கான்னு பாத்துக் கழிச்சுப் போடறதுதான் என் வேலை. அதைப் போய் நான் கவனிக்கலண்ணே. அதை வச்சு மூணு பக்கம் எழுதி நாப்பதாயிரம் பேருக்கு அனுப்பியிருக்கேன்.

இப்பப் புரியுதா? உலகத்துலயே அந்த நாலு செகண்ட் இந்த வீட்டு டிஸ்க்ல மட்டும்தான் இருக்கு. இந்த ஹால்ல உக்காந்து பாத்தவங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

யாரா? இருங்க, அந்தச் சங்கிலியையும் போட்டுடலாமா? போடுங்க. பெரிய ஆணியா இருக்கட்டும். வீடு என் பேர்லதான் இருக்கு, அப்பா எழுதி வச்சது, உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது. பத்திரம் வேணும்னாலும் காட்டறேன்.

அஞ்சு நாப்பதா? ஐயோ. இல்ல, நீங்க நிதானமாவே பண்ணுங்க. நான் பேசறதைக் கொறைச்சுக்கறேன்.

என்ன? வாசல்ல இருக்கற பெட்டியா? தடுக்குதுன்னா கொஞ்சம் தள்ளி வைங்க. இல்லல்ல, உள்ள எடுக்காதீங்க! அது வெளியவே இருக்கட்டும். என் வீட்டுக்காரரோடது. ஆறு சட்டை இஸ்திரி போட்டு வச்சிருக்கேன், பிரஷர் மாத்திரை பக்கத்து ஜிப்புல. ஒரு வாரத்துக்குத் தாங்கும். அவர் அண்ணன் வீடு ரெண்டு தெரு தள்ளித்தான், ஆறரைக்கு வந்து சாவி சேரலன்னதும் எடுத்துக்கிட்டுப் போகட்டும்.

ஆமாண்ணே. அவர்தான் நங்கூரம்.

மூணு மாசமாத் தெரியும். நான் சமையலறையில நின்னு எழுதி அனுப்புவேன், ஹால்ல இவர் பல்லைக் கடிக்கற சத்தம் கேக்கும். ரெண்டு நிமிஷத்துல என் போன்ல நங்கூரம் வந்து நிக்கும். அப்புறம் சாப்பிட வருவார். இன்னிக்கு ஒருத்திக்கு நல்லாக் குடுத்தேன்னு சொல்லிக்கிட்டே என் கையிலேருந்து தட்டை வாங்குவார். அது நான்தான்னு அவருக்குத் தெரியாது. இன்னிக்கு மத்தியானம் வரைக்கும்.

ஏன் நிறுத்தலன்னு மறுபடி கேக்காதீங்கண்ணே. கல்யாணமான இந்த எட்டு வருஷத்துல அவர்கிட்ட இல்லன்னு சொல்ல முடிஞ்ச எடம் அது ஒண்ணுதான். அங்க அவரால என்னைத் தொட முடியல. கோபம் கோபமா எழுதத்தான் முடிஞ்சுது.

ஸ்டேஷன்ல இதைச் சொல்லல. சொல்லியிருந்தா சிரிச்சிருக்க மாட்டாங்க. ரெண்டு பேரையும் உக்கார வச்சு, டீ வாங்கிக் குடுத்து, சமாதானம் பண்ணி ஒண்ணா வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க.

முடிஞ்சிடுச்சா? சாவி மூணும் என்கிட்டயே குடுங்க. ஒரே ஒரு உதவி. நான் உள்ள போய்ப் பூட்டிக்கறேன், சங்கிலியும் போட்டுக்கறேன். நீங்க வெளிய நின்னு தள்ளிப் பாருங்க. தாங்குதான்னு தெரியணும்.

ம், பூட்டிட்டேன். தள்ளுங்க. கையால இல்லண்ணே, தோளைக் குடுத்து. இன்னும். இன்னும் பலமாண்ணே. கதவு போனாப் பரவால்ல, தள்ளுங்க. நீங்க கோபமே இல்லாமத் தள்ளுறீங்க.