சிவப்புப் பக்கம்

காலையில் எழுந்ததும் பால் காய்ச்சுகிறேன். ஒரு டம்ளர் போதும். குளிர்பெட்டிக் கதவில், முட்டைகளுக்குப் பக்கத்தில், என் மனைவியின் இன்சுலின் பேனா இன்னும் இருக்கிறது. அதில் கை படாமல் பால் பாக்கெட்டை எடுக்கப் பழகிவிட்டேன். குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறேன். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன்.

சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி ஒன்றில் கணினிப் பிரிவு என் பொறுப்பு. அவள் அங்கேயே லாரிகளை அனுப்பும் பிரிவில் இருந்தாள். நான்தான் சேர்த்துவிட்டேன்.

கம்பெனிக்குள் மட்டும் ஓடும் இணையதளங்கள் எங்களுக்கு உண்டு. வருகை, விடுப்பு, சரக்கு எல்லாம் அதில்தான். இது நம் தளம்தான், எவனோ வைத்த போலி அல்ல என்று கணினிக்கு உறுதி சொல்ல ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் வேண்டும். அதைத் தயாரிப்பதும், அதை நம்பும்படி ஒவ்வொரு மேசைக் கணினிக்கும் சொல்லிவைப்பதும் என் வேலை. அலுப்பான வேலை. தள்ளிப்போட்டேன். அதனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் முதலில் ஒரு சிவப்புப் பக்கம் வந்து, இதை நம்பாதே என்றது. கீழே ஓரத்தில் 'தொடர்க' என்று சின்னதாக ஒரு சொல் இருக்கும்.

"பரவாயில்லை, அழுத்துங்க" என்று மேசை மேசையாகச் சொன்னேன். எனக்குப் 'பரவாயில்லை சார்' என்றே பெயர் விழுந்தது. கட்டடம் தீப்பிடித்தாலும் இவர் அழுத்தத்தான் சொல்வார் என்று சிரிப்பார்கள்.

"என்னங்க, இது இப்படி மிரட்டுது?" என்று அவளும் முதல் நாள் கேட்டாள்.

"நம்ம வீட்டு நாய்தான் குரைக்குது. நீ பாட்டுக்கு உள்ள போ."

ஒரு நாள் எவனோ எங்கள் சரக்குத் தளத்தைப் போலவே ஒரு போலிப் பக்கத்தை வைத்தான். சிவப்பு வந்தது. தினமும் வருவதுதானே. அவள் அழுத்திவிட்டு உள்ளே போய்க் கடவுச்சொல்லை அடித்தாள். அவள் பெயரில் புகுந்து, ஒரு லாரி மருந்துச் சரக்கை வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டார்கள்.

விசாரணை வைத்தார்கள். அவள் கணினியை எடுத்துப்போய் முத்திரையிட்டார்கள். மற்ற மேசைகளுக்கு நான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். அத்தனை நாள் தள்ளிப்போட்ட வேலை, டீ குடிக்கும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. சான்றிதழ்களுக்குக் கையெழுத்திடும் கணினி என் வசம்தான் இருந்தது. அதன் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவைத்தேன். எல்லாச் சான்றிதழ்களும் போன வருடத் தேதியில் பிறந்தன.

அவளுடைய கணினி கையில் கிடைத்திருந்தால் அதையும் சரிசெய்திருப்பேன் என்று வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். கிடைக்காததுதான் எனக்கு வசதியாக இருந்தது.

மறுநாள் மேலாளர் ஒவ்வொரு திரையாகத் திறந்து பார்த்தார். எங்கும், நம்பலாம் என்று காட்டும் பூட்டுச் சின்னம். சிவப்புப் பக்கம் வந்ததுண்டா என்று எல்லோரையும் கேட்டார். அவர்கள் திரையைப் பார்த்தார்கள். வேலை போய்விடுமே என்ற பயம்.

"எங்களுக்கு வந்ததில்லைங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று காத்திருந்தாள்.

"அந்த மெஷின்ல எச்சரிக்கை வந்திருக்கு சார். அவங்க தாண்டிப் போயிருக்காங்க" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவளை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

"எல்லாருக்கும் வந்துச்சுதானே?" என்று வீட்டில் கேட்டாள்.

"இல்ல. உனக்கு மட்டும்தான். சான்றிதழ் போட்டப்ப உன் மெஷின் விட்டுப்போச்சு, ஜாக்கிரதைன்னு அப்பவே சொன்னேன். மறந்துட்டே."

அதற்குப் பிறகு சின்ன விஷயங்களிலும் அவள் ஞாபகத்தை மறுக்க வேண்டியிருந்தது. கதவைப் பூட்டியது நான் என்பாள். நீ இல்லை, நான் என்பேன். ஒன்றில் அவள் சொன்னது சரி என்று விட்டுக்கொடுத்தால் மற்றதும் சரியாகிவிடும். நான் அவளிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. சின்ன வயதிலிருந்து தன் இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொண்டவள், போட்டாயிற்றா என்று என்னைக் கேட்க ஆரம்பித்தாள். ஒரு வேளை ஊசியை இரண்டு தடவை போட்டால் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்து என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்: "பக்கத்து மேசை அக்காவுக்கும் அந்தச் சிவப்பு வந்துச்சுங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நாளைக்கு மேலாளரைப் பாத்துச் சொல்லிட்டு வந்துடறேன்."

மறுநாள் காலை நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். "ஊசி போட்டுட்டேன்ல?" என்றாள். மேசையில் பேனா மூடி கழன்று கிடந்தது. பக்கத்தில் ஈரப் பஞ்சு. பார்த்தேன்.

"இல்ல. மறந்துட்டே" என்றேன்.

திரும்பி வந்தபோது சமையலறைத் தரையில் கிடந்தாள்.

கம்பெனியில் இப்போது சிவப்புப் பக்கம் வருவதே இல்லை. மேலாளர் எல்லோர் முன்னிலும் என்னைப் பாராட்டினார். கூசிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் இருக்கிறேன் என்று விட்டுவிட்டார்கள்.

காரியம் முடிந்த அன்று அவளுடைய தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, அக்கா கடைசியா என்ன சொன்னா?"

"பாத்துப் போயிட்டு வாங்கன்னு சொன்னா" என்றேன். அழுதான். அப்படித்தான் சொன்னாள் என்று கொஞ்ச காலம் நானும் நம்பினேன்.

அந்தக் காலையில் அவள் பேனாவையும் பஞ்சையும் பார்த்தாள். பிறகு என்னை.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."