வருந்துகிறோம்

— தூங்கலையாடி இன்னும்? கட்டிலு ஆடிக்கிட்டே இருக்கு.

— அக்கா, ஒண்ணு கேக்கவா. அது பழைய மெயிலையும் படிக்குமா?

— எது?

— இன்னைக்கு ஒன் கம்ப்யூட்டர் கிளாஸு ஆத்மநாதன் சார் ஒன் லேப்டாப்புல போட்டுட்டுப் போனாருல்ல, அந்தக் கொரலு.

— ஓ, பெரியகருப்பனா.

— அது யாரு?

— நான் அதுக்கு வச்ச பேரு. நம்ம டீக்கடை பெரியகருப்பன் மாமா மூக்கடச்சுக்கிட்டு பேப்பர் படிக்கிற மாதிரி இல்ல?

— சிரிக்காதக்கா. படிக்குமா, படிக்காதா?

— எழுத்தா இருந்தா எல்லாத்தையும் படிக்கும் நித்யா. பழசு புதுசுன்னு அதுக்கு ஏது. நெட்டே இல்லாட்டியும் படிக்கும். முன்னாடி ஒண்ணு இருந்துச்சே, தேனாட்டம் பொம்பளக் கொரலு, முப்பது நாளு முடிஞ்சதும் காசக் கட்டுன்னு வாய மூடிக்கிச்சு. இது அப்படியில்ல. செஞ்சவங்களே யாரு வேணா எடுத்துக்கங்க, திருத்திக்கங்கன்னு பொதுவுல வச்சுட்டாங்க. என்னைய மாதிரியே சாருக்கும் பார்வ இல்லையில்ல, அவரே பென்டிரைவுல ஊரூராக் கொண்டுபோயிப் போட்டுக் குடுக்குறாரு.

— தப்புத் தப்பாப் படிக்குதே.

— படிக்கும். போன் நம்பரக் குடுத்தா கோடி, லட்சம்னு அடுக்கும். செஞ்சவங்களுக்கே எழுதிப் போட்டேன். அடுத்ததுல சரி பண்ணிடுறோம்னு பதில் வந்துச்சு.

— ம். நாளைக்கு ஒக்காந்து எல்லா மெயிலையும் கேக்கப் போறியா?

— ஏன், எல்லாம் நீ படிச்சுக் காட்டுனதுதானே.

— அதான்...

— என்னடி அதான்?

— அம்மா தூங்கிருச்சா?

— இப்பத்தான் லைட்ட அணைச்சுச்சு. அடுப்படியில டப்பாவ உருட்டிக்கிட்டே கெடந்துச்சு. ஒன் கத என்ன, சொல்லு.

— ஆடி மாசம் மெட்ராசுலேருந்து ஒரு மெயில் வந்துச்சே.

— கம்ப்யூட்டர் பயிற்சி. எனக்கு எடம் இல்லன்னு.

— அதுல அப்படிப் போடலக்கா.

— பின்ன?

— கோவப்படாமக் கேக்கணும்.

— கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

— எடம் இருக்குன்னுதான் போட்டிருந்துச்சு. ஹாஸ்டலோட. முடிச்சா அங்கனயே வேலைன்னு. இருவதாந் தேதிக்குள்ள பதில் போடணும்னு. நான்தான் வாயில வந்ததப் படிச்சேன். "தங்களைத் தேர்வு செய்ய இயலாமைக்கு வருந்துகிறோம்"னு நானாச் சொன்னேன்.

— அந்த வருந்துகிறோம நல்லா இழுத்துத்தான் படிச்சே. அப்படியே நம்பிட்டேன்.

— திட்டுக்கா. சாதாரணமாப் பேசாத.

— அன்னைக்கு நான் என்ன பண்ணேன், ஞாவகம் இருக்கா?

— சாப்பிடல. லேப்டாப்பத் தூக்கி பீரோ மேல வைக்கச் சொன்னே. ரெண்டு மாசம் தொடவே இல்ல.

— நீ எனக்குத் தல சீவிவிட்டே. "விடுக்கா, வேற வரும்"னே.

— ...சொன்னேன்.

— ஏண்டி அப்படிப் பண்ணே?

— நாலாப்புலேருந்து ஒனக்குப் படிச்சுக் காட்டுறேன். பாடபுஸ்தகம், பஸ் போர்டு, மருந்துச் சீட்டுன்னு. யாரப் பாத்தாலும் "திலகவதிக்குக் கண்ணே இவதான்"ங்குறாங்க. மார்க்கு கொறைஞ்சாக்கூட அப்பா திட்டமாட்டாரு, அக்காவுக்குப் படிக்கவே அவளுக்கு நேரம் பத்தலம்பாரு. நீ போயிட்டா நான் வெறும் நித்யா, அக்கா. அந்த மெயிலப் பாத்ததும் வாயில அது வந்துருச்சு. அப்புறம் திரும்ப எடுக்க முடியல.

— மெயில அழிச்சிருக்கலாம்ல. எனக்குத் தெரியவே தெரியாது.

— ரெண்டு தடவ அழிக்கப் போனேன். கை வரல. அது ஒன்னுது.

— ம்.

— தெனமும் நெனப்பேன், இன்னைக்குச் சொல்லிரணும்னு. விடிஞ்சதும் பயந்துருவேன். இன்னைக்கு அந்தக் கொரலக் கேட்டதும் செத்தேன்னு ஆயிருச்சு.

— அப்ப மாட்டிக்குவோம்னுதான் சொல்றே.

— ...ஆமா.

— அதையாவது மாத்திப் படிக்காமச் சொன்னியே.

— அக்கா, ஒரு நிமிஷம். இன்னைக்குத்தானே சாரு போட்டாரு. போன் நம்பர் சங்கதிக்கு அதுக்குள்ள எப்படிப் பதில் வந்துச்சு?

— இப்பத்தான் ஒனக்கு ஒறைக்குதா.

— அக்கா...

— சனிக்கெழம சனிக்கெழம ஆலங்குடிக்குக் கிளாஸு போனேன்ல. மொத வாரமே போட்டுக் குடுத்துட்டாரு. ஒரு மாசம் ஆச்சு, இன்னைக்குத்தான் நீ கேக்குற மாதிரி வெளிய பேச விட்டாரு. காதுல ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு மொதல்ல அந்த மெயிலத்தான் எடுத்தேன். அந்த "வருந்துகிறோம்" எனக்கு மனசுலயே நின்னுபோச்சு, அத இன்னொருக்கக் கேட்டு வெறுத்துப் போயிருவோம்னு. தேடுறேன், தேடுறேன், அந்த வார்த்தையே இல்ல. பெரியகருப்பன் இழுக்கவுமில்ல, குழையவுமில்ல. இருந்ததப் படிச்சுட்டுச் சும்மா இருந்துட்டான். நாலு தடவ கேட்டேன்.

— ஒரு மாசமாத் தெரியுமா? அப்புறமும் எங்கிட்டதானே தல சீவிக்கிட்டே.

— சீவுறப்ப நீயாச் சொல்லிருவியான்னு பாத்தேன். தெனமும் பாத்தேன்.

— அம்மாவுக்கு?

— நீ பண்ணது தெரியாது. அப்ப தேதி தப்பிப்போச்சுன்னுதான் சொல்லியிருக்கேன். பரீச்ச நேரம், நித்யா அழுவா, அவகிட்ட மூச்சு விடாதீங்கன்னுட்டேன்.

— என்னத்த மூச்சு விடக்கூடாது?

— மெட்ராசுக்கு நானே எழுதிக் கேட்டேன். அடுத்து ஆரம்பிக்கிற வகுப்புல எடம் குடுத்துட்டாங்க. சாரு இன்னைக்கு வந்தது வழியனுப்ப. அம்மா உருட்டுனது முறுக்கு டப்பா.

— எப்பக்கா போறே?

— காலையில அஞ்சு மணி பஸ்ஸு, அப்பா கூட வாராரு. ஒன்னைய எழுப்பவே வேணாம்னு அம்மாட்டச் சொல்லி வச்சிருந்தேன். இப்பப் போயி நீயே சொல்லிட்டு வா, ஒன்னையும் எழுப்பச் சொல்லி.